எந்த நேரத்துத் தூக்கம்

கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெல்ட்டில் நகர்ந்து வந்தன. அவற்றின் பின்னால் ஒரு வெள்ளைத் திரை, திரைக்குப் பின்னால் விளக்கு. வெளிச்சத்தைப் பாட்டில் கடக்கிற அந்த ஒரு கணத்தில் கீறலா, குமிழா, வாய் கோணலா என்று பார்த்து, சரியில்லாததை எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போட வேண்டும். சிட்டு போட்டுக்கொண்டிருந்தாள். கையின் வேகத்தைப் பார்த்து லைனில் வைத்த பெயர் அது. கூரை ஜன்னல் வெளுத்துவிட்டிருந்தது. இரவு ஷிப்ட் முடியப்போகிற இந்த நேரத்தில்தான் கண் ஏமாற்றும். திறந்தபடியே இருக்கும், உள்ளே ஆள் இருக்காது.

"ஏய், போகுது பாரு!" எதிரே நின்ற சிரிப்பக்கா எட்டி ஒரு பாட்டிலைப் பிடித்தாள். கழுத்தில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல்.

"பாத்துட்டுதான்கா இருந்தேன்."

"நீ பாத்த. உன் கண்ணு பாக்கல." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சூப்பர்வைசர் திட்டினாலும் சிரிப்பவள்.

ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. உடம்பு ஒன்றோடு சமாதானமாகி வரும்போது அடுத்தது வந்து நிற்கும். சிட்டுவின் புருஷனுக்கு ரொட்டிக் கம்பெனியில் வேலை. விடிவதற்கு முன் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். இரவு வாரங்களில் இருவரும் பார்த்துக்கொள்வது அவன் சாப்பிடும் நேரத்தில் மட்டும்தான். "நம்ம வீட்லயே லீவு இல்லாம உழைக்கிறது இந்தக் கட்டில்தான்" என்பான். முதலில் அதற்குச் சிரித்தவள், பிறகு எரிந்து விழ ஆரம்பித்தாள்.

பகலில் தூக்கம் வரவில்லை. ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டினாள். காதில் பஞ்சு வைத்தாள். மாடி வீட்டில் நாற்காலியை இழுத்தார்கள், தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்து ஸ்டார்ட் பண்ணினார்கள். கண்ணை மூடினால் உள்ளே பாட்டில்கள் ஓடின. நெஞ்சு எரிந்தது. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள், மறுநாள் போடவே இல்லை.

அந்த மாதம் சிரிப்பக்கா தலை சுற்றி லைனிலேயே உட்கார்ந்துவிட்டாள். சர்க்கரை ஏறியிருந்தது. பகல் வேலை மட்டும் கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஆபீசில் நீட்டினாள். சொன்னபடி பகல் வேலை கொடுத்தார்கள். பின்பக்கத்துக் கொட்டடியில் உடைந்த கண்ணாடியை நிறம் பார்த்துப் பிரிக்கிற வேலை. காண்ட்ராக்ட்காரனிடம் தினக்கூலி.

"பகல்தானே கேட்டீங்கங்கறான்டி" என்றாள், வழியில் பார்த்தபோது. இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அடுத்த இரவு வாரத்தின் கடைசியில், மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து சிட்டு தரையில் சாய்ந்தாள். அந்த வாரம் முழுக்க வராத தூக்கம் மொத்தமாக வந்தது. மாலையில் மகள் பள்ளி வாசலில் நின்றாள். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகும் நின்றாள். அதே தெருவில் இருக்கும் ஒரு பெண் பார்த்துவிட்டுக் கையோடு கூட்டி வந்தாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார்கள், கத்தினார்கள், மகள் அழுதாள். மாடி வீட்டுக்காரர் ஜன்னலில் கட்டியிருந்த போர்வையின் இடுக்கு வழியாகப் பார்த்தார். வாய் திறந்து, ஒரு கை மடங்கிக் கிடந்த விதத்தைப் பார்த்ததும் அவர் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார்.

முகத்தில் தண்ணீர் அடித்த பிறகுதான் கண் திறந்தாள். சுற்றிலும் இத்தனை பேரைப் பார்த்துவிட்டு, "லைன் நின்னுடுச்சா?" என்றாள்.

அன்று ராத்திரி அவளை வேலைக்குப் போகவிடாமல் புருஷன் தடுத்தான். கதவில் தாழ் இருந்த இடத்தில் பொத்தலாக இருந்தது. அதற்குக் குறுக்கே கயிறு கட்டினான். அதற்குப் பிறகு அவள் படுத்தால் போதும், மகள் சத்தமில்லாமல் வந்து மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள். சூடாகக் காற்று பட்டதும் போய்விடுவாள். சிட்டு விழித்திருந்தாலும் கண்ணைத் திறக்க மாட்டாள்.

சிட்டுவுக்கு ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், கையில் கட்டியதை அவிழ்க்காமல் இன்னொரு முறை பார்த்தார்.

"இந்த வயசுல இவ்வளவு இருக்கக் கூடாதும்மா. மாத்திரை தரேன். ஆனா மாத்திரையால மட்டும் ஆகாது. தினமும் ஒரே நேரத்துல தூங்கணும்."

"எந்த நேரத்துல டாக்டர்?"

டாக்டர் பேனாவைத் திறந்தார். "ஷிப்டா? நான் கம்பெனிக்கு எழுதித் தரேன்."

"வேணாம் டாக்டர்." அவசரமாகச் சொல்லிவிட்டாள். "எழுதிடாதீங்க. நான் நல்லாதான் தூங்கறேன்."

மறுநாள் சூப்பர்வைசரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுப் பார்த்தாள். "என்னை ராத்திரியிலயே போட்டுடுங்க சார். வருஷம் பூரா ராத்திரின்னாலும் சரி. மாத்தி மாத்திப் போடாதீங்க, அது போதும்."

"நானாம்மா போடறேன்? கம்ப்யூட்டர் போடுது."

"அதுகிட்ட யாரு சார் சொல்றது?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பெரிய கொட்டாவி வந்தது. முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கம்பெனிக்கு அக்கறை இல்லாம இல்ல. இதுக்காகவே ஒரு மீட்டிங் வச்சிருக்காங்க. வந்துடு. வரலைன்னா ஆப்சென்ட்."

மீட்டிங் காலையில். இரவு ஷிப்ட் விட்டதும் எல்லாரையும் நேராகக் கூடத்துக்கு அனுப்பினார்கள். மேடையில் பேனர், 'நல்ல தூக்கம், நல்ல ஆரோக்கியம்'. வெளியிலிருந்து வந்த நிபுணர் சலவை கலையாத சட்டையில் சுறுசுறுப்பாக இருந்தார். படம் காட்டுவதற்காக விளக்கை அணைத்தார்கள். நேரம் தவறிய தூக்கம் இதயத்தை என்ன செய்யும், ஞாபகத்தை என்ன செய்யும் என்று படத்துக்குப் படம் விளக்கினார். இருட்டில் பின்வரிசையிலிருந்து குறட்டை கேட்டது. சூப்பர்வைசர் வரிசை வரிசையாக நடந்து, தோளைத் தட்டித் தட்டி எழுப்பினார்.

"ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி என்ன பண்ணக் கூடாது? யாராவது சொல்லுங்க பாக்கலாம்" என்றார் நிபுணர்.

முன்வரிசையில் ஒருத்தி கொட்டாவியைக் கையால் மறைத்தாள்.

"கூச்சப்படாதீங்க."

விளக்கைப் போட்டார்கள். நோட்டீஸ் போர்டுக்காகப் போட்டோ எடுக்க ஒருவர் வந்து நின்றார். சிட்டுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேக்கிங் பெண், வருகைக் கையெழுத்துப் போட்ட பேனா இன்னும் விரலில் இருக்க, தலை மார்பில் தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் தூரத்திலிருந்தே கண்ணைக் காட்டினார். சிட்டு அவளை எழுப்பவில்லை. அவள் பின்னங்கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்து, பின்னலோடு சேர்த்துப் பிடித்துத் தலையை நேராக நிமிர்த்தினாள்.

"எல்லாரும் இங்க பாருங்க" என்றார் போட்டோக்காரர். "கண்ண மூடாதீங்க."