மீனில்லாத தொட்டிக்குத் தீனி

"முழங்கை வரைக்கும் கழுவிட்டு வா. தொட்டியில விட்ட கையோட தட்டைத் தொடாதே."

"கழுவியாச்சுங்க, ஐயா. சந்தேகமா இருந்தா உங்க ஆஸ்பத்திரி அண்டாவுல போட்டு வேகவெச்சு எடுங்க."

இரண்டு கைகளையும் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். சோப்பு வாசனைக்கு அடியில் பாசி வாசனை இருக்கத்தான் செய்தது. அவர் முகத்தைச் சுளித்தார். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர் செருப்பை மாட்டும்போது கொல்லையிலிருந்து மறுபடி குரல் வந்தது.

"ஏங்க, ஒரு நிமிஷம் வந்து பாருங்க. கல்லெல்லாம் எப்படிப் பழுத்திருக்கு தெரியுமா?"

"சாயங்காலம் பார்க்கறேன்."

அன்று மதியம் குழாய்ச் சாமான் கடையில் குழாய்த் திருப்பத்துக்கு ஒரு எல்போ வாங்க நின்றவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழவில்லை.

அவருக்கு மருத்துவமனையின் அடித்தளத்தில் வேலை. அறுவைக் கருவிகளைக் கழுவி, துடைத்து, பொதிந்து, நீராவியில் கிருமி நீக்குகிற அறை. பொதியின்மேல் ஒட்டிய நாடாவில் கோடு கறுத்தால்தான் வெளியே அனுப்புவார். கைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. காவலாளி படியிறங்கி வந்து கதவுக் கண்ணாடியைத் தட்டியபோது கத்தரிக்கோல்களை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும்.

வந்தவர்கள் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். மகள் தூரத்து ஊரில் இருப்பவள். கிளம்பும்போது கொல்லையைக் காட்டி, "அப்பா, அந்த மீனையெல்லாம் யாருக்காவது குடுத்துடுங்களேன். உங்களால முடியாது," என்றாள்.

"ஏன் முடியாது? உங்கம்மா வளர்த்தது. ஒண்ணு சாகாம நான் பார்த்துக்கறேன்."

சொன்ன வேகத்தில் அது சபதம் மாதிரி ஆகிவிட்டது.

மனைவி தொலைபேசி நிலையத்தில் இருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவள். அடுத்தவர் பேச்சை இணைத்துக் கொடுத்தே வயதானதாலோ என்னவோ, வீட்டில் தன் பேச்சை நிறுத்தவே மாட்டாள். கைபேசியில் யார் யாரோ மீனும் கீரையும் சேர்த்து வளர்ப்பதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் ஆரம்பித்துவிட்டாள். கீழே ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, அதில் மீன். அதையொட்டி மேடைபோல ஒரு பாத்தி, அதில் மண் கிடையாது, வெறும் கூழாங்கல். மோட்டார் மீன் தண்ணீரைப் பாத்திக்கு ஏற்றும். மீனின் கழிவு செடிக்கு உரமாகும். தண்ணீர் சுத்தமாகித் திரும்பத் தொட்டியில் விழும். குழாய் வேலையெல்லாம் அவள் தம்பி செய்துகொடுத்தான். அவன் ப்ளம்பர்.

முதல் முறை மீன் விட்டவுடனே எல்லாம் மிதந்தன. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எங்கே தப்பு என்று கண்டுபிடித்துவிட்டு அவரிடம் ஓடிவந்தாள்.

"அந்தக் கல்லுல கிருமி குடியேறணுமாம்ங்க. அதுதான் மீனோட அழுக்கை உரமா மாத்துமாம். அதுக்கு வாரக்கணக்கா ஆகும். அவசரப்பட்டுட்டேன்."

"கிருமிக்கு வீடு கட்டிக் குடுக்கறியா? நான் அங்க நாள் பூரா அதைக் கொன்னுட்டு வரேன். நீ இங்க உட்காரவெச்சு விருந்து போடு."

"கேலி பண்ணாதீங்க. கேட்டுக்குங்க. கல்லுமேல வழவழன்னு வருமே, அதுதான் உசிரு. அதை மட்டும் யாரும் கழுவிடக் கூடாது."

"சரி சரி, உன் கிருமிங்களை நான் கேட்டதாச் சொல்லு."

பேச்சு அத்துடன் சிரிப்பாகிப் போயிற்று. அடுத்த முறை அவள் பொறுத்திருந்து ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகளை விட்டாள். உள்ளங்கை அகலத்துக்கு அவை வளர்ந்திருந்தபோதுதான் அவள் எல்போ வாங்கப் போனது.

துக்கம் விசாரிக்க வந்த கூட்டம் வடிந்த பிறகு அவர் கொல்லைக்குப் போனார். தண்ணீர் கலங்கலாக இருந்தது. பாத்தியில் கைவைத்துப் பார்த்தார். கல் வழுக்கிற்று. பழுப்பு நிறத்தில் ஏதோ பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. அவருக்கு மனசு பொறுக்கவில்லை. அவள் போனதும் இடம் இப்படி நாறிப்போயிற்றே என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

தன் வேலையை அவர் அரைகுறையாகச் செய்து பழகியதே இல்லை. மீன்களைப் பெரிய டிரம்முக்கு மாற்றினார். செடிகளைப் பிடுங்கி ஈரச் சாக்கில் வைத்தார். கூழாங்கல் அத்தனையையும் வாளி வாளியாக அள்ளி, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, வாசனை அடங்கும்வரை அலசி, வெயிலில் உலர்த்தினார். தொட்டியின் உள்பக்கத்தையும் விடவில்லை. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்து, மருந்து வாடை போன பிறகுதான் தொட்டியில் விட வேண்டும் என்று அவள் சொன்னது மட்டும் எப்படியோ காதில் விழுந்திருந்தது. அதையும் தவறாமல் செய்தார். இடுப்பு ஒடிந்துபோனாலும் மனம் லேசாக இருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. தொட்டியின் அடி தெரிந்தது. மீன்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அவள் போன பிறகு முதல்முறையாக அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

சில நாளில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

பசி என்று நினைத்தார். பாவம், வேளாவேளைக்குப் போடுகிறவள் போய்விட்டாள், ஏங்கிப்போயிருக்கின்றன என்று நினைத்து, கூடுதலாக ஒரு பிடி தீனி போட்டார். மறுநாளும் வாயைத் திறந்தன. இன்னும் ஒரு பிடி போட்டார். போட்டது மிதந்து ஊறிக் கீழே இறங்கிற்று. அதற்கடுத்த காலை ஒரு மீன் மல்லாந்து கிடந்தது. மதியத்துக்குள் இன்னும் சில. மைத்துனனுக்குப் போன் போட்டார்.

அவன் வந்து தொட்டியருகே குனிந்ததுமே மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "மூத்திர நெடி அடிக்குதே, மாமா." பிறகு பாத்தியைப் பார்த்தான். கற்கள் வெளேரென்று கிடந்தன. ஒன்றை எடுத்துப் புரட்டினான்.

"கல்லை என்ன பண்ணீங்க?"

"கழுவினேன்."

"எதுல?"

"ப்ளீச்சிங்ல. அப்புறம் நல்லா அலசிட்டேன், துளி வாடை இல்லாம."

அவன் கல்லைப் பாத்தியில் வைத்தான். "அக்கா சொல்லலையா?"

"இல்லையே. என்கிட்ட அவ ஒண்ணுமே சொல்லலை."

சொன்ன மாத்திரத்தில் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. மைத்துனன் அவர் முகத்தைப் பார்த்தான். அவன் கண் கலங்கியது, ஆனால் உதட்டோரம் சிரிப்பும் வந்தது.

"எங்கக்காவா? வாயை மூடிக்கிட்டு ஒரு விஷயத்தை வெச்சிருந்தா? நீங்க வேற, மாமா. வெங்காயம் வாங்கினாக்கூட எனக்குப் போன் பண்ணிச் சொல்லுவா."

அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னாப்பா. நின்னு நிதானமாச் சொன்னா. நான்தான் சிரிச்சிட்டேன்."

பாதித் தண்ணீரை மாற்றிப் பார்த்தார்கள். காற்றுக் குமிழி விடும் கருவியைப் போட்டுப் பார்த்தார்கள். காலம் கடந்துவிட்டிருந்தது. கடைசி மீனை எடுத்துக் கொல்லை மூலையில் புதைத்தபோது மகளிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்தார். அவளே போன் பண்ணியபோது, "போயிடுச்சும்மா, எல்லாம்," என்றார். "பரவாயில்லப்பா," என்றாள். அந்தப் பரவாயில்லை அவரை என்னவோ செய்தது.

மைத்துனன் மோட்டாரைக் கழற்றினான். அதன் உறிஞ்சு வாயில் கையளவு ஸ்பாஞ்சு ஒன்று கன்னங்கரேலென்று இருந்தது. அப்படியொன்று அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் விட்டுவைத்திருக்க மாட்டார்.

"கை நீட்டுங்க மாமா."

அவன் அதை அவர் உள்ளங்கையில் வைத்தான். சளிபோல வழவழப்பு விரலிடுக்கில் வழிந்தது. அவள் கையிலிருந்து வந்த அதே பாசி வாசனை.

"அக்காவோட கிருமி இதுல இன்னும் இருக்கு. இதைக் கல்லு மேல பிழிஞ்சு விட்டா மறுபடி பரவும். ஆனா அதுக்குச் சாப்பாடு வேணும். மீன் இல்லாததால நீங்கதான் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடணும். அது அழுகினாத்தான் இதுக்குப் பசி ஆறும். கலங்கினாலும், நாறினாலும் கைவைக்கக் கூடாது. உங்களால சும்மா இருக்க முடியுமா?"

"பார்க்கறேன்."

அவர் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலை அதுதான். தினம் காலையில் காலித் தொட்டிமுன் நின்று, ஒரு சிட்டிகை தீனியை எடுத்துத் தூவுவார். தண்ணீர் மங்கும்போது கை பரபரக்கும். பிரஷ்ஷை வைத்திருந்த இடத்திலிருந்து எடுத்து, மைத்துனன் வண்டியில் போட்டு அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டம்மா மதில் வழியாக ஒரு நாள் பார்த்துவிட்டாள்.

"என்னண்ணே, மீனில்லாத தொட்டிக்குப் போய்..." என்று இழுத்தாள். மனுஷனுக்கு மனசு கலங்கிவிட்டது என்று அவள் முகமே சொன்னது.

"கிருமிக்குப் போடறேன்மா," என்றார் அவர். அதைக் கேட்டு அவள் இன்னும் பயந்துபோனாள்.

அவள் உள்ளே போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். இந்தப் பதிலைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்கக்கூடிய ஒரே ஆள்தான் இப்போது இல்லை.

வாரங்கள் போயின. ஒரு நாள் மைத்துனன் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, குஞ்சு விடலாம் என்றான். கல்லைத் தொட்டுப் பார்த்தார். இலேசாக வழுக்கிற்று. முதல் நாற்றை நடக் குனிந்தவர், நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"பாத்தி உங்களுக்குத் தாழ்வா இருக்கு, மாமா. அக்கா தன் உயரத்துக்கு அளந்து வெக்கச் சொன்னா. நீங்க தென்னை மரம் கணக்கா இருக்கீங்க. அடியில ரெண்டு வரிசை செங்கல்லு கூட்டிடலாம், இன்னைக்கே முடிஞ்சிடும்."

"வேண்டாம்ப்பா."

"தினம் குனியணுமே?"

"குனியறேன்."

பாத்தி இன்றும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது.