கழுவி வந்த பொட்டலங்கள்

லட்சுமணன் துணிப்பையிலிருந்து காலிப் பொட்டலங்களை எடுத்து என் மேசைமேல் வைத்தார். பத்துப் பத்தாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். காலை எட்டரைதான் ஆகியிருந்தது. ஆராய்ச்சிப் பிரிவு என்று போர்டு மாட்டிய எங்கள் அறையில் ஏ.சி. இரைந்ததே தவிர குளிரவில்லை. மே மாத டெல்லிக்கு அந்த மெஷின் எந்த மூலைக்கு? துவாரகாவிலிருந்து மெட்ரோவில் நின்றுகொண்டே வந்ததில் என் கால் இரண்டும் பன்னாக வீங்கியிருந்தன. வந்தவுடன் ஒரு வாய் டீ குடிக்க விடாமல் எண்ண வைக்கிறாரே மனுஷன் என்று எரிச்சலாகத்தான் இருந்தது.

எண்ணுவதும் என் வேலைதான். வெளிநாட்டிலிருந்து வருகிற ஒருவகை நீலப் பெர்ரிப் பழத்தை உலர்த்தி அரைத்த பொடி, காலையில் ஒரு பொட்டலம், மாலையில் ஒரு பொட்டலம், பன்னிரண்டு வாரம். மாத்திரையில் இருக்கும் சர்க்கரைக்காரர்களுக்கு அதைக் கொடுத்து, ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறதா, உடம்பில் தானாக ஊறும் இன்சுலின் இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பாக வேலை பார்க்கிறதா என்று சோதிக்கிற ஆய்வு. ஆறாவது வாரம் வெறும் வயிற்றோடு வர வேண்டும். ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, அரை மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுப்போம். தின்ற பொடிக்குச் சாட்சியாகக் காலிப் பொட்டலத்தைத் திருப்பித் தர வேண்டும்.

மற்றவர்கள் கொண்டு வருவதைப் பார்க்க வேண்டுமே. பல்லால் கிழித்தது, கசங்கி உருண்டையானது, உள்ளே ஊதாப் பொடி அப்பிக்கொண்டு தொட்டால் விரலெல்லாம் நிறமாவது. லட்சுமணனுடையவை கத்தரியால் நேராக வெட்டி, உள்ளே ஒரு துளி நிறமில்லாமல் கழுவி, காயவைத்து மடித்தவை. எண்பத்து நான்கு. ஒன்று குறையவில்லை. சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகையில் இருபத்தெட்டு வருஷமாகச் சமையல் செய்கிறவர். அந்தச் சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். கையில் ஊசிக்குழாயைச் செருகி முதல் ரத்தத்தை எடுத்து, சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்துவிட்டு, அண்ணாச்சி, இதையெல்லாம் கழுவித் தரணும்னு இல்ல, சும்மா கொண்டாந்தாப் போதும் என்று சொன்னேன்.

அவர் கூச்சமாகச் சிரித்தார். கழுவியது தான் இல்லை, ஆராயிதான் என்றார். ஆராயி அவர் மனைவி. பொடியைக் கொட்டிய பிறகு பொட்டலத்துக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, குலுக்கி, அதையும் குடித்துவிடுவாளாம். பண்டம் வீணாகக் கூடாதாம். நான் ரத்தக் குப்பிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டி முடித்த பிறகுதான் அவர் சொன்னது மண்டையில் ஏறியது. குடிக்கிறது யார் என்று கேட்டேன்.

மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவர். முதல் வாரம் ஆளுக்குப் பாதி. அடுத்த வாரத்திலிருந்து இரண்டு வேளையும் அவளுக்கே. சேரும்போதே அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டவர்தான் அவர். இன்சுலின் ஊசி போடுகிறவர்களை இதில் சேர்ப்பதில்லை என்று நான்தான் திருப்பி அனுப்பினேன்.

"நானு ஒத்த மாத்திரையில ஓட்டறவனுங்க சிஸ்டர். அவ பதினோரு வருசமா ரெண்டு வேளயும் வயித்துல குத்திக்கிட்டுக் கெடக்கறா. நல்ல பண்டம் ஒண்ணு கைக்கு வந்தா நானா திங்கறது?"

ஆய்வுக்கு ஒரு ஆள் போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். திட்டுவதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை. அவர் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, ஒரு நல்ல சேதியும் இருக்குது, கடைசியில சொல்லலாம்னு வெச்சிருந்தேன் என்றார்.

"ஊசியே நிறுத்திப் போட்டாளுங்க. பத்தொம்பது நாளாச்சு."

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். ஆள் நன்றாக இளைத்திருக்கிறாளாம், ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதாம். வெயிலுக்குத் தண்ணீர்தான் குடம் குடமாகக் குடிக்கிறாளாம், ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போகிறாளாம், மற்றபடி ஒரு குறையும் இல்லையாம். வீட்டில் சர்க்கரை பார்க்கிற மெஷின் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. டிஸ்பென்சரியில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பதோடு சரி. மாதாவே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இளைப்பதும் தாகமும் எதனால் என்று இருபத்து மூன்று வருஷமாக ஊசி பிடிக்கிற எனக்குத் தெரியாதா?

அவர்கள்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஏப்ரலில் அவரைச் சேர்த்த நாள் ஞாபகம் வந்தது. ஒப்புதல் படிவம் இந்தியிலும் இங்கிலீஷிலும்தான் அச்சடித்திருந்தது. அவருக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. உன் ஊர்க்காரர், புஷ்பா, நீயே சொல்லிப் புரிய வை என்று டாக்டர் என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். அன்றைக்கு அது பதினோராவது படிவம். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அவரும் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல, டெல்லி ஆஸ்பத்திரியில் தமிழ் பேசுகிற சிஸ்டர் கிடைத்த சந்தோஷத்தில், நீங்க சொன்னாச் சரிங்க, எங்கே கையெழுத்து என்று பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். இது பெர்ரிப் பழப் பொடி அண்ணாச்சி, உடம்புல இருக்கிற இன்சுலினையே நல்லா வேலை செய்ய வைக்குமாம் என்று ஒரு வரியில் முடித்தேன். இரண்டாம் பக்கத்தைப் புரட்டவே இல்லை. பாதிப் பேருக்குப் பழமே கிடையாது, அதே நிறத்தில், அதே புளிப்பில் வெறும் மாவுதான் என்று அந்தப் பக்கத்தில் இருந்தது. யாருக்கு எது என்று கொடுக்கிற எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, ஆய்வு முடிகிறவரை யாருக்கும் தெரியாது. பழமாகவே இருந்தாலும் அது ஊசிக்கு மாற்று இல்லை, போடுகிற மருந்தை நிறுத்தக் கூடாது என்பதும் அங்கேதான் இருந்தது. படித்துக் காட்ட நாலு நிமிஷம் ஆகியிருக்கும். பசித்தது, படிக்கவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஒரு நிமிஷம் அற்பமான யோசனையும் ஓடத்தான் செய்தது. இவரிடம், அம்மாவை உடனே டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போங்க என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப் போகிறது? என் வேலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் கையெழுத்தாகிற வேலை. மகன் மேக்ஸ்வெல் படிப்பு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. ஆனால் இந்த மனுஷன் வீட்டுக்குப் போய் அவளிடம் என்ன சொல்வார்? சிஸ்டர் டிஸ்பென்சரிக்குப் போகச் சொன்னாங்க என்பார். நல்லாத்தானே இருக்கேன், வெயில் தாழப் போகலாம் என்பாள். அந்த வெயில் தாழவா போகிறது?

அவர் கையிலிருந்த குழாயை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தினேன். பக்கத்து மேசையில் கணினியில் எண்களை ஏற்றுகிற வைஷ்ணவி நிமிர்ந்து பார்த்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழை எண்ணி எண்ணித்தான் பேசும். ஆன்ட்டி, ஆதே கண்டே கா, அந்த அரை மணி சாம்பிள், எடுக்கலியா என்றாள்.

"எடுக்கல. இவரோடது ரத்து. காரணத்த நான் வந்து எழுதுதேன், நீ ஒண்ணும் எழுதிராத."

அவர் வீடு இருக்கும் கோல் மார்க்கெட்டுக்கு ஆட்டோ பிடித்தோம். காற்று அடுப்புவாய்க் காற்றாக முகத்தில் அடித்தது. லட்சுமணனுக்கு ஏதோ சரியில்லை என்று புரிந்துவிட்டது. பையில் இருந்த பிஸ்கட்டை எடுத்து, வெறும் வயித்தோட வந்தீங்கல்ல, சாப்பிடுங்க என்று கொடுத்தேன். கையிலேயே வைத்திருந்தார். வழியிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். சிக்னலுக்குச் சிக்னல் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் வரவில்லை. இரண்டு பேரிடமும் சேர்த்து ஒரே தடவையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸின் மொட்டை மாடியில் தகரம் போட்ட ஒற்றை அறை. மூன்று மாடி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. ஆராயி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். என்னை அதற்கு முன் பார்த்ததில்லை, ஆனால் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டதைக் கவனித்தேன். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது, உதடு வெடித்திருந்தது. ஐம்பது வயதுதான் இருக்கும், அறுபதைத் தாண்டியவள்போல இருந்தாள்.

"வாங்க அம்மிணி. உங்களத்தான் தெனமும் நெனச்சுக்கறேன். பதினோரு வருசத்துல இந்தப் பத்தொம்பது நாளுதான் நானு நிம்மதியாச் சோறு தின்னுருக்கறேன்."

என்னால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. விரலை நீட்டுங்கம்மா என்றேன். பையில் போட்டுக் கொண்டுபோயிருந்த சர்க்கரை மெஷினை எடுத்து, விரலைத் துடைத்து, குத்தி, ஒரு சொட்டு வைத்தேன். நானூற்று முப்பத்தெட்டு. அவள் எவ்வளவு என்று கேட்டதற்குக் கொஞ்சம் கூட இருக்கு என்றேன். வெளியே தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று டாக்டருக்குப் போன் போட்டேன். எப்போதும் போடுகிற அளவைப் போட்டு, கையோடு அவசரப் பிரிவுக்குக் கூட்டி வரச் சொன்னார். ஊசி ஏன் நின்றது என்று கேட்டார். காரணம் நான்தான், நேரில் வந்து சொல்கிறேன் என்றேன்.

உள்ளே வந்து சொன்னேன். கட்டில் ஓரத்தில் அவள், அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு அவர். நடுவில் ஸ்டூலில் நான். படிவத்தில் இரண்டாம் பக்கம் என்று ஒன்று இருந்தது, அதை நான் வாசித்துக் காட்டவில்லை என்பதில் ஆரம்பித்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு என்பதுவரை சொன்னேன். நிஜப் பழமே ஆனாலும் ஏதோ கொஞ்சம் ஒத்தாசை பண்ணுமா என்று பார்க்கத்தான் இந்த ஆய்வே, உங்கள் உடம்புக்கு ஊசி இல்லாமல் முடியாது என்றேன். இருபத்து மூன்று வருஷத்தில் எத்தனையோ வீட்டாரிடம் எத்தனையோ கெட்ட சேதி சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் அடுத்தவர் உடம்பு செய்தது. இது நான் செய்தது. மன்னிச்சிருங்க என்று சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

லட்சுமணன் எங்கள் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேடையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, தகரக் கூரையின் சூட்டை அப்படியே கீழே இறக்கியது.

"அப்ப எனக்கு வந்தது எதுங்க? பழமா, மாவா?" என்று கேட்டாள் ஆராயி.

"தெரியாதும்மா. யாருக்குமே தெரியாது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கையை ஊன்றி எழுந்து போய், சின்ன ஃப்ரிட்ஜைத் திறந்து, கொத்தமல்லிக் கட்டுக்குப் பின்னாலிருந்து மருந்துக் குப்பிகளை எடுத்து வந்தாள். பிரித்தது ஒன்று, பிரிக்காதது ஒன்று. பழையதை ஓரமாக வைத்துவிட்டுப் புதியதை உள்ளங்கையில் வைத்து உருட்டினேன். சிரிஞ்சில் அவள் எப்போதும் போடுகிற இருபத்திரண்டு யூனிட்டைக் கேட்டு இழுத்து, காற்றைத் தட்டி வெளியேற்றினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து சேலையைத் தளர்த்தினாள். தொப்புளுக்கு இரண்டு பக்கமும் பதினோரு வருஷத்து ஊசிக் கன்றல், தோல் கட்டி தட்டிப் போயிருந்தது. இடது பக்கம் ஒரு கையளவு இடத்தில் மட்டும் நீலமெல்லாம் மறைந்து, தோல் ஆறி, மெத்தென்று ஆகியிருந்தது.

நான் பஞ்சோடு குனிந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். கோபமாக இல்லை, சோறு போதும் என்று தடுக்கிற மாதிரிதான் பிடித்தாள்.

"குடுங்க அம்மிணி. நானே போட்டுக்கறேன்."

கொடுத்தேன். ஆறியிருந்த அந்த இடத்தைத்தான் இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தாள். லட்சுமணனின் கை மேடைமேல் நின்றது. ஊசி முழுக்க இறங்கிய பிறகும் உடனே எடுக்காமல், எப்போதோ எந்த சிஸ்டரோ சொல்லிக் கொடுத்தபடி, சுவரைப் பார்த்துக்கொண்டு, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்துப் பத்துவரை எண்ணிக்கொண்டிருந்தாள்.