தறி ஓடும்போது வந்த போன்

மகன் கௌதமனின் பெயர் அந்தத் திருடனுக்கு எப்படித் தெரிந்தது? வரலட்சுமிக்கு விளங்கவே இல்லை.

அம்பத்தூரில் வேலை செய்யும் மகன்தான் போனில் பேசுகிறான் என்று அன்று அவள் நம்பினாள். வண்டியில் ஒருவரை இடித்துவிட்டதாகவும், செல்போன் உடைந்துவிட்டதாகவும் குரல் அழுதது. கேஸ் ஆகாமல் இருக்க நகை வேண்டும், நண்பன் வருவான் என்றது. கணவர் பரந்தாமன் வெளியூர் போயிருந்தார். அவரைக் கேட்காமலே, திருத்தணி ஸ்டேஷனில் வந்து நின்றவனிடம் மகள் புவனாவின் கல்யாண நகைகளைக் கொடுத்துவிட்டு வந்தாள். மாலையில் கௌதமன் வழக்கம்போல் பேசியபோதுதான் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தது.

நகை போனதும், புவனாவுக்குப் பார்த்த நகரி ஊர் மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். பரந்தாமனின் சந்தேகம் மகன் மேலேயே விழுந்தது. அவன் வீட்டுக்கு வந்து நின்றபோது அவன் காதுபடவே சொன்னார்.

"பேரு தெரிஞ்சவன் வெளியாளா? கூட்டாளிய வுட்டு இவன் ஆடின ஆட்டம்டி இது."

"நான் திருடனா, நைனா?"

அதற்குப் பிறகு கௌதமன் ஆடிக் கிருத்திகைக்குக்கூட வரவில்லை.

ஆவணியில் ஒரு நாள் போன் அடித்தது. விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவை இரு பக்கமும் கட்டை அடித்து அனுப்புகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது. போனில் இன்னும் மோசம். ரிசீவரில் நாம் பேசுகிற பக்கம் வழியாக அந்தச் சத்தமும் நுழைந்து, நம் காதுக்கே திரும்பி வரும். அதனால் தறிக்காரர் வீடுகளில் எதிர்க்குரலுக்குக் காத்திருப்பதில்லை. யாரென்று ஊகித்துத் தாங்களே கத்திக் கேட்பார்கள்.

"யாரு, கௌதமனா?" என்றாள் வரலட்சுமி.

"நூல் கடை ஜம்புலிங்கம்மா."

நகை போன அன்றும் தறிச் சத்தத்தில் இதையேதான் கேட்டாள். அந்தத் திருடன் "ஆங்" என்றான், அவ்வளவுதான். பிறகு தறியை நிறுத்தியும் அழுகையைத்தான் கேட்டாள். அழுவது மகன் என்று அதற்குள் மனம் முடிவு செய்துவிட்டது. பெயரைக் கொடுத்தவள் அவளே.

பரந்தாமனிடம் சொன்னாள். அவர் உடனே மகனின் எண்ணுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுநாளும் அவன் எடுக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் எடுக்கவில்லை.

இப்போது அந்த வீட்டில் போன் அடித்தால் முதலில் தறியை நிறுத்துகிறார்கள். பெயர் எதையும் தாங்களாகச் சொல்வதில்லை. கூப்பிட்டவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்கள். எதையாவது தரச் சொல்லிக் கேட்டால் போனை வைத்துவிட்டு, தங்களுக்கு முன்பே தெரிந்த எண்ணில் தாங்களே கூப்பிடுகிறார்கள். உரிய ஆள் பேசும்வரை எதையும் கொடுப்பதில்லை.