உளுந்துக்கு ஒரு வரி

உளுந்து என்று சொல்லிவிட்டு வடிவு அப்படியே நிறுத்திக்கொண்டாள், எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் மகள் அகல்யா எவ்வளவும்மா என்று கேட்கிறாள், பழைய நோட்டின் பின்பக்கத்தில் பேனா அந்தச் சொல்லின் கடைசி எழுத்திலேயே நிற்கிறது, மை ஊறிப் புள்ளி பெரிதாகிக்கொண்டே போகிறது, எவ்வளவு என்று வடிவுக்குத் தெரியாமலா இருக்கிறது, வாய்தான் வரமாட்டேன் என்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூரில் இந்த லைன் வீடுகள் அத்தனையிலும் இதே வேலைதான், வாரச் சம்பளம் கைக்கு வந்ததும் அடுத்த சனி வரைக்குமான சோற்றை முதலில் காகிதத்தில் சமைத்துப் பார்த்துவிட வேண்டும், பிறகுதான் அடுப்பில், அதுவும் பனியன் கம்பெனியில் ஆர்டர் இல்லாமல் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்று ஆன பிறகு, புருஷன் வேல்ச்சாமிக்கும் சாயப்பட்டறையில் அதே கதி என்று ஆன பிறகு, ஒரு பருப்பைக்கூட யோசிக்காமல் எழுத முடிவதில்லை, ஞாயிறு முட்டைக்குழம்பு, திங்கள் சாம்பார், செவ்வாய் மிஞ்சின சாம்பாரோடு ஒரு துவையல், புதன் ரசம், வியாழன் புளிக்குழம்பு, அதோடு எல்லாம் தீர்ந்துவிடும், வெள்ளிக்கிழமைக்கு என்னம்மா என்று மகள் கேட்பாள், வெள்ளிக்கிழமை பாத்துக்கிடலாம்ட்டி என்பாள் வடிவு, அகல்யா அதையும் விடாமல் எழுதுவாள், வெள்ளி, பாத்துக்கிடலாம்.

அஞ்சாம் வகுப்பில் இந்தச் சாமான் சீட்டை எழுத ஆரம்பித்த பிள்ளை, வடிவுக்கும் எழுதத் தெரியும், ஆனால் எழுத்துக்கூட்டி எழுதி முடிப்பதற்குள் சந்தை முடிந்துவிடும், அதனால் நீ எழுது தாயி என்று கொடுத்தது, எட்டாம் வகுப்புக்குள் அம்மாவையே மிஞ்சிவிட்டாள், சந்தையில் இருட்டுகிற நேரம் தக்காளியைக் கூறு கட்டித் தள்ளிவிடுவார்கள், அதுவரைக்கும் நிக்கணும்மா என்று அவள்தான் சொன்னாள், ரேஷன் பருப்பு வந்த மாதம் கடைப் பருப்பைத் தானாகவே விட்டுவிட்டு எழுதினாள், கம்பெனியில் பீஸுக்கு நூல் பிசிறு வெட்டிக்கொண்டே வடிவு பீற்றிக்கொள்ளாத நாள் இல்லை, எம்மவ கையில வீட்டக் குடுத்துட்டு நான் பாட்டுக்குப் போய்ச் சேரலாம்க்கா என்பாள், அட, என்ன ஒரு பெருமை அவளுக்கு, பிள்ளை எதை எதை எழுதாமல் விடக் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு நாளாவது பார்த்தாளா.

ஆனி மாதத்தில்தான் அது, பக்கத்து வீட்டுப் பூவாத்தாக்காவின் மகள் பெரியவளானாள், பதினாறு நாளும் அந்த வீட்டில் உளுந்தங்களி கிண்டுகிற வாசனை, உங்க ஊர்ப் பக்குவம் சொல்லிக் குடு அம்மிணி என்று பூவாத்தாக்கா கேட்டதால் வடிவுதான் போய்க் கிண்டிக்கொடுத்தாள், கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் மேலே மிதக்க மிதக்க, அகல்யாவுக்கும் ஓர் உருண்டை கிடைத்தது, விரலிடுக்கில் வழிந்த எண்ணெயை முழங்கை வரைக்கும் நக்கினாள், அன்றைக்குச் சனிக்கிழமை, வீட்டுக்கு வந்து இதேபோல் நோட்டை விரித்து உட்கார்ந்தபோது, வடிவு சிரித்துக்கொண்டே சொன்னாள், ஏட்டி, நீயும் இப்பமே சடங்காயிராத தாயி, தீபாவளிக்கு போனஸ் வரட்டும், அதுவரைக்கும் பொறுத்துக்கோ. அகல்யாவும் சிரித்தாள். வேடிக்கைக்குச் சொன்னதுதான், எந்தத் தாய்தான் சொல்லமாட்டாள், சொன்ன மறுநிமிஷம் மறந்தும்போனாள்.

முந்தாநாள் வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம், பெற்றவர்கள் வரவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள், நர்ஸ் அகல்யாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்குதுங்கம்மா, புள்ளைக்கு என்னதான் குடுக்கறீங்க என்றார், வடிவு ஞாயிற்றுக்கிழமை முட்டையை மட்டும் சொன்னாள், மாசாமாசம் சரியா வருதுங்களா என்று நர்ஸ் கேட்க, அவ இன்னும் வயசுக்கு வரலைங்க சிஸ்டர் என்று வடிவு முந்திக்கொண்டு சொன்னாள், அகல்யா சுவரைப் பார்த்துக்கொண்டு, மூணு மாசமா வருது சிஸ்டர் என்றாள். நர்ஸ் வடிவைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு எப்படி வெளியே வந்தோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஏன்ட்டி சொல்லல, பெத்தவகிட்ட ஏன்ட்டி சொல்லல என்று ரோட்டிலேயே பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினாள், நீதானம்மா தீபாவளி வரைக்கும் பொறுத்துக்கச் சொன்ன, நானும் பொறுத்துத்தான் பாத்தேன், வந்துட்டு, நான் என்ன செய்ய, அகல்யாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பேடு பள்ளிக்கூடத்துலயே சும்மா குடுக்காங்கம்மா, செலவு ஒண்ணுமே ஆகல என்றாள். வடிவுக்குத் தன் வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, அங்கே ஆள் நடமாட்டம் இல்லாதிருந்தால் அடித்துக்கொண்டுமிருப்பாள்.

இரண்டு நாளாக அவளுக்கு நிலையில்லை, கண்ணை மூடினால் சங்கரன்கோவில் வீட்டு மூலையில் பதிமூன்று வயது வடிவு பாயில் உட்கார்ந்திருக்கிறாள், முழுங்கு பிள்ள, இடுப்பெலும்புக்குத் தெம்பு என்று அத்தை களியைத் திணிக்கிறாள், வேண்டாம் வேண்டாம் என்று வடிவு துப்புகிறாள், துப்பிவிட்டு நிமிர்ந்தால் பாயில் இருப்பது அகல்யா, எதிரே தட்டுமில்லை அத்தையுமில்லை, நான் சாப்பிட்டுட்டேம்மா என்கிறாள். ஆடி, ஆவணி, புரட்டாசி, மூன்று மாதமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்த நாட்களில், ரசத்தைக் குடிச்சிட்டுப் படு, சூட்டு வலிதான் என்று தான் சொன்னது இப்போது காதில் கேட்கிறது, ஊருக்குச் சொன்னால் தாய்மாமன் சீர், பந்தல், பந்தி என்று இழுக்கும், அதெல்லாம் கிடக்கட்டும், இந்தப் பிள்ளையின் வயிற்றுக்குப் பதினாறு நாள் களி போயாக வேண்டும், இந்தச் சனிக்கிழமையே போயாக வேண்டும் என்று சத்தியம் பண்ணாத குறையாக நினைத்துக்கொண்டுதான் சீட்டு எழுத உட்கார்ந்தாள்.

எவ்வளவும்மா, அகல்யா மறுபடியும் கேட்கிறாள், ரெண்டு கிலோ என்றாள் வடிவு ஒரே மூச்சில், நல்லெண்ணெய் ஒரு லிட்டர், கருப்பட்டி, நாட்டுக்கோழி முட்டை, எல்லாத்தையும் எழுது, மூணு மாசம் பிந்துனா என்ன, நான் தருதேன். அகல்யா எழுதினாள், எழுதிவிட்டுக் கதவோரம் பார்த்தாள், சிலிண்டர் வந்துட்டேம்மா என்றாள் மெதுவாக, ஆமாம், மத்தியானம் வந்து இறங்கிய சிலிண்டர் அங்கே நிற்கிறது, கையிலிருந்ததில் பெரும்பங்கு அதற்குப் போயாயிற்று, அது இல்லாமல் களியை எதில் கிண்டுவது, சரி, பதினாறு வேண்டாம், ஒன்பது நாளைக்குப் போடு என்றாள் வடிவு, ஒன்பதுக்குன்னாலும் எதையாவது அடிக்கணுமேம்மா, எத அடிக்க என்றாள் மகள், என் காப்பித்தூள அடி, அது போன மாசமே அடிச்சாச்சேம்மா. வடிவு நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள், அரிசி, பருப்பு, புளி, உப்பு, சோப்பு, எதன்மேல் விரல் வைத்தாலும் அந்த விரலுக்குக் கீழே ஒரு நாளைய சாப்பாடு இருந்தது, அஞ்சு நாள் என்றாள், மூணு நாள் என்றாள், கடைசியில் எண்ணெய் வேண்டாம், உளுந்து மட்டும் கால் கிலோ போடு என்றாள், கருப்பட்டியும் எண்ணெயும் இல்லாமக் கிண்டினா போஸ்டர் ஒட்டத்தாம்மா ஆகும் என்று அகல்யா சிரித்தாள், அம்மாவும் சிரிக்கட்டும் என்றுதான் சிரித்தாள், அது வடிவுக்குத் தெரிந்தது, விடும்மா, அடுத்த வாரம் எழுதிக்கிடலாம், நான் பொறுத்துக்கிடுதேன் என்றாள் பிள்ளை.

இல்லை, முடியாது, இனி ஒரு நாளும் நீ பொறுக்கக் கூடாது என்று சொல்லத்தான் வடிவு வாயைத் திறந்தாள், சரி என்று வந்தது. அகல்யா ஸ்கேலை எடுத்து வைத்து, உளுந்தின்மேல் நேராக ஒரு கோடு போட்டாள்.