மூன்று நிமிட மூச்சு

இரண்டு நாள் தியானப் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து மூன்றாம் வகுப்பு டீச்சருக்குத் தான் பாதி ஞானி என்ற நினைப்பு. "கண்ணை மூடி மூச்சை மட்டும் கவனிங்க" என்று பிள்ளைகளை உட்காரவைத்தாள். அவள் மனமோ, காலையில் நாத்தனார் போனில் சொன்னதற்குச் சுடச்சுடப் பதில் தயாரித்துக்கொண்டிருந்தது.

மூன்று நிமிடம் முடிந்ததும், "யார் என்ன கவனிச்சீங்க?" என்று கேட்டாள்.

முதல் பெஞ்சு வாயாடி எழுந்தாள். "உங்களைத்தான் டீச்சர். அஞ்சு தடவை கடிகாரத்தைப் பாத்தீங்க. ரெண்டு கொட்டாவி விட்டீங்க. அப்புறம் வாய்க்குள்ளேயே யாரையோ திட்டினீங்க."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. மூன்று நிமிடமும் மனம் சிதறாமல் கவனித்தவள் அந்த ஒருத்திதானே! டீச்சர் அசடு வழியத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தாள்.

"நீயே வந்து சொல்லிக் குடும்மா."

வாயாடி இடுப்பில் கைவைத்து நின்றாள். "முதுகை நேரா வெச்சுக்குங்க டீச்சர்."

டீச்சர் நிமிர்ந்தாள்.