மாப்பிள்ளை நாடு

பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதற்கு வள்ளிநாயகியின் குடும்பத்தில் ஒரே ஆள்தான். அவள் தம்பி ரவிச்சந்திரன். மந்தின் பட்டணத்தில் டயர் கடை வைத்திருக்கும் அவன், கடையைப் பூட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினால், பையன் யாரிடம் முடிவெட்டுகிறான், எந்தக் கடையில் உட்கார்ந்து பீர் குடிக்கிறான் என்பதுவரை கறந்துகொண்டு வந்துவிடுவான். அவன் வாயால் நின்றுபோன கல்யாணங்கள் கொஞ்சமல்ல.

இந்த முறை அவனுக்கே தலை சுற்றியது. மாப்பிள்ளை மொரீசியஸ்காரன். செனாவாங்கில் மகள் ஷாமினி வேலை பார்க்கும் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்கு வந்த முகுந்தன், அவள் மனதில் இடம் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டான். கட்டினால் அவனைத்தான், போனால் அவன் ஊருக்குத்தான் என்று ஷாமினி ஒற்றைக்காலில் நின்றாள். பையனிடம் குறை சொல்லவும் வள்ளிநாயகிக்கு ஒன்றும் அகப்படவில்லை. வீட்டுக்கு வந்தபோது சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்துவிட்டுப் போனான். அப்படிப்பட்டவனை என்ன சொல்லித் தட்டிக்கழிப்பது? கணவன் போனபின், லிங்கித் தோட்டத்து எண்ணெய்ச் செம்பனை நர்சரியில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றி ஆளாக்கிய ஒரே மகள். அவளை விமானம் ஏற்றிவிட்டால், இந்த வீட்டில் வள்ளிநாயகி யாரோடு சண்டை போடுவாள்?

"பையன விட்டுர்றா. அந்த நாட்ட விசாரி," என்றாள் தம்பியிடம். "ஏதாச்சும் கோளாறு இல்லாமயா இருக்கும்?"

கடலைத் தாண்டி மோட்டார் போகாது. ரவிச்சந்திரன் ஒரு வாரம் கைப்பேசியும் கையுமாக டயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்து, கோழிக்குழம்பை ஒரு கை பார்த்துவிட்டுச் சாய்ந்தான். ஷாமினி அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். காது மட்டும் கூடத்தில் இருந்தது.

"பெத்தவங்க?" என்று ஆரம்பித்தாள் வள்ளிநாயகி.

"யாரும் இல்லக்கா. ஆதியில அந்தத் தீவுல மனுசனே கெடையாதாம். எல்லாம் கப்பல்ல வந்து சேந்தவங்க. அநாத நாடு."

"முன்னாடி யாரு கூடயாச்சும் இருந்திருக்கா?"

ரவிச்சந்திரன் தொண்டையைச் செருமினான். "மொதல்ல டச்சுக்காரன். சரிப்படலன்னு விட்டுட்டுப் போயிட்டான். அப்புறம் பிரெஞ்சுக்காரன். அப்புறம் இங்கிலீஷ்காரன். அறுபத்தெட்டுலேர்ந்து தனியாத்தான் இருக்கு."

தம்பி அவள் வயிற்றில் பால் வார்த்துவிட்டான். "மூணு பேரா? அங்கயா என் மகளக் கொடுப்பேன்?"

"அதுலயும் பாரு, இங்கிலீஷ்காரன் கூட நூத்தம்பது வருசம் இருந்துருக்கு. இன்னும் பேசுறது பிரெஞ்சுக் கலப்பாத்தான் இருக்கு. பழச மறக்கல."

"கோவம் வருமா?"

"வருசா வருசம் புயல் பயம்."

"குடி?"

"கரும்புலேர்ந்து ரம் காய்ச்சி ஊருக்கெல்லாம் விக்கிறாங்க லா. இன்னொண்ணு கேளு. டோடோன்னு ஒரு பறவ. ஒலகத்துலயே அங்க மட்டுந்தான் இருந்துச்சு. பறக்கத் தெரியாது, வெகுளி. வந்தவனுங்க ஒண்ணுகூட மிச்சம் வைக்கல."

வள்ளிநாயகி அடுப்படிப் பக்கம் திரும்பினாள். "கேட்டியாடி? வாயில்லாத பறவைய வச்சுக் காப்பாத்தத் தெரியாத நாடு."

"எனக்கு வாய் இருக்கு மா," என்று பதில் வந்தது.

"சரி, வருமானம்?"

ரவிச்சந்திரன் நெளிந்தான். "அதுல குத்தம் சொல்ல முடியாதுக்கா. கரும்பு, துணி, பேங்கு, ஊர் சுத்த வர்ற வெளிநாட்டுக்காரங்க. அவங்க காசு நோட்டுல தமிழ் எழுத்து இருக்கு. தைப்பூசத்துக்கு நாடு பூரா லீவு."

"ஒன்ன நல்லது விசாரிக்கச் சொன்னேனா?" என்று எரிந்து விழுந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஷாமினியின் கைப்பேசி அடித்தது. திரையில் முகுந்தன், பக்கத்தில் பெரிய பொட்டோடு அவன் அம்மா. அந்த அம்மாளுக்குக் கோயில் பாட்டில் வரும் தமிழ் தவிர வேறு தமிழ் வராது. அவர் சொன்னதை முகுந்தன் ஆங்கிலத்தில் சொல்ல, ஷாமினி தமிழில் சொன்னாள்.

"அவுங்களும் நம்ம நாட்ட விசாரிக்கிறாங்களாம் மா. இதுவரைக்கும் யாரு யாரு வச்சிருந்தாங்கன்னு கேக்குறாங்க."

வள்ளிநாயகி தம்பியைப் பார்த்தாள். ரவிச்சந்திரன் விரல்களை மடக்கினான். "போர்த்துகீசியன், டச்சு, இங்கிலீஷ்காரன், ஜப்பான்காரன். நாலுக்கா."

"ஜப்பான்காரன் மூணு வருசந்தானேடா. அதச் சொல்ல வேணாம்."

"அவன் போனதும் இங்கிலீஷ்காரனத் திரும்பச் சேத்துக்கிட்டோமே."

"நீ வாய மூடு. மூணுன்னு சொல்லுடி."

ஷாமினி கூசாமல் நான்கு விரலைத் தூக்கிக் காட்டினாள். அந்த அம்மாள் குலுங்கிச் சிரித்தார். பிறகு அவர் இங்குள்ள ரப்பர் மரக்காட்டைப் பற்றிக் கேட்டார். அதை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டாயிற்று என்றாள் வள்ளிநாயகி. அங்கேயும் கரும்பை அழித்து ஓட்டல் கட்டுகிறார்களாம். தோட்ட வேலைக்கு ஆட்கள் எப்படி வந்தார்கள் என்றால், இரண்டு பக்கமும் கப்பல்தான். விசாரிக்க விசாரிக்க, தன் தோட்டத்தையே யாரோ கடலுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தது போல இருந்தது அவளுக்கு. அவளால் எதையும் குறை சொல்ல முடியவில்லை.

கடைசியாக அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். முகுந்தன் சொன்னதைக் கேட்ட ஷாமினி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னாடி?"

"பொண்ண இவ்ளோ தூரம் அனுப்ப உங்க நாட்டுல மனசு வருமான்னு கேக்குறாங்க."

வள்ளிநாயகிக்கு அழுகை முட்டியது. இத்தனை நாளாக அவள் அந்த நாட்டைத் துருவியதே, இந்தக் கேள்வி தன் பக்கம் வந்துவிடக் கூடாது என்றுதான்.

"வராதுன்னு சொல்லு," என்றாள். துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தைப்பூசம் கழிச்சு நல்ல நாள் பாக்கச் சொல்லு."

ஷாமினி சொன்னாள். அவள் குரலும் உடைந்திருந்தது.

"இன்னொண்ணும் சொல்லு. என் மக அந்த டோடோ இல்ல. அவளுக்குப் பறக்கத் தெரியும். சரியா பாத்துக்கலன்னா வந்துருவா."