தம்பிக்குக் கண் காத்தவள்

மர்யமுக்கு இரண்டு வயது நடக்கும்போது அவளுடைய இடது கண்மணிக்குள் பூனைக்கண் போல ஒரு வெள்ளை மினுங்கியது. பம்பாய் பரேலில் இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள் அவள் தாய் சபுரா. உள்ளே புற்றுக்கட்டி. உயிரைக் காப்பாற்றக் கண்ணையே எடுக்கவேண்டியதாயிற்று. தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருந்த அவள் கணவன் கரீம் பாட்சாவுக்கும் சின்ன வயதிலேயே ஒரு கண் போயிருந்தது. அம்மை போட்டுப் போனதென்றுதான் ஊரில் சொல்லியிருந்தார்கள். இல்லை, இதே கட்டிதான், குடும்பத்தில் இறங்குகிற வியாதி என்றார் டாக்டர்.

கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளட்டுமா என்று அன்றைக்குக் கேட்டார்கள். "யாருக்காச்சும் உதவுனா சரி" என்று அழுதபடியே தலையாட்டினாள் சபுரா.

எண்பத்தெட்டில் மகன் பிறந்தான். பால் கொடுக்கும்போதுகூட அவன் கண்ணைப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பாகீரதி, மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப்பெண், குடும்பத்தில் எல்லோரையும் வரவழைத்து ரத்தம் எடுத்தாள். ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, துண்டுபோட்டு, மின்சாரம் பாய்ச்சி ஜெல்லில் ஓடவிட்டாள். கதிரியக்கம் ஏற்றிய ஒரு டி.என்.ஏ. துணுக்கு, அந்தக் கண்வியாதிக்கான மரபணு இருக்கும் இடத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்ரே பிலிமில் அங்கே கறுப்புக் கோடு விழும்.

சில வாரம் கழித்து அந்தப் பிலிமைச் சபுராவுக்கும் கரீம் பாட்சாவுக்கும் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

"இது மர்யம் ரத்தம். ரெண்டு கோடு. மேல இருக்கறது அப்பா கொடுத்தது, கீழ இருக்கறது நீங்க கொடுத்தது. இதோ, அவ கட்டி. இங்க மேல்கோடு மட்டும்தான்."

"நாங் குடுத்த கோடு எங்க போச்சு?"

"கட்டியில அது அழிஞ்சுபோச்சு. நல்லது போய், கெட்டது மட்டும் மிஞ்சியிருக்கு. அதனாலதான் மேல்கோட்டோட வியாதி வரதுன்னு எங்களுக்குப் புரிஞ்சுது." பாகீரதி பிலிமில் இன்னொரு வரிசையைத் தொட்டாள். "குழந்தைக்கும் அந்த மேல்கோடு இருக்கு. நூத்துக்கு நூறு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா காத்திண்டிருக்க வேண்டாம், இன்னிக்கே கண்ணைப் பாத்துடலாம்."

கரீம் பாட்சா பிலிமை உற்றுப் பார்த்தான். "நாங் குடுத்ததா?"

"நீங்க வேணும்னேயா குடுத்தீய?" என்று அவன் கையைப் பற்றினாள் சபுரா. "வாங்க, புள்ளையத் தூக்குங்க."

மயக்கமருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வலது கண்ணுக்குள் ஓரத்தில், கடுகளவில் ஒரு கட்டி. வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒளிக்கதிரால் சுட்டு அதை அழித்தார்கள். மறுபடி ஒன்று தலைகாட்டியது, அதையும் சுட்டார்கள். அப்புறம் எதுவும் வரவில்லை. இரண்டு கண்ணும் பிழைத்தன. பார்வையும் தெளிவாக இருந்தது.

பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு பெட்டி பால்பேடாவோடு ஆய்வுக்கூடத்துக்குப் போன சபுரா, பாகீரதியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எனக்கு எதுக்கு?" என்றாள் பாகீரதி. "மர்யமோட கட்டி இல்லேன்னா எந்தக் கோடு கெட்டதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமா? அவளுக்குச் சொல்லுங்கோ."

வெளியே வந்ததும் மர்யம் கேட்டாள். "உம்மா, என்னாலயா தம்பிக்குக் கண்ணு பொழச்சுது?"

நடைபாதை என்றும் பாராமல் சபுரா குனிந்து மகளைக் கட்டிக்கொண்டாள். "ஆமாம்மா. அல்லாவுக்கு அடுத்து ஒனக்குத்தான் நாங்க நன்றி சொல்லணும்."

மர்யம் கொஞ்சம் யோசித்தாள். "அப்பம் எம்முடியப் புடிச்சு இழுக்கப்படாதுன்னு அவன்ட்ட சொல்லு."

தம்பி இரண்டு கண்ணாலும் அக்காவின் சடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.